மின்பகிர்மான வரைபடத் தரவும் களப்பணியாளரும்: திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இந்திய நகரங்களின் மின்பகிர்மானக் கட்டமைப்பு 2008ஆம் ஆண்டு முதல் நடுவண் அரசின் திட்டங்கள் வழியாகக் கணினி வரைபடமாக்கப்பட்டு வருகிறது. மின்னிழப்பைக் கணக்கிடும் நோக்கில் தோன்றிய அவ்வரைபடம், கம்பத்தடியில் நிற்கும் பணியாளருக்குப் பயன்பட வேண்டுமாயின் அதன் உள்ளடக்கத்தில் எத்தகைய மாற்றங்கள் தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கைப்பேசியும் இணையமும் இச்சிக்கலின் எளிய பகுதிகளே. வரைபடத்திலுள்ள பெயர்களும், பாதையின் நடப்பு நிலையும், களத்திலிருந்து திரும்பி வரும் திருத்தமுமே கடினமானவை என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வட்டாரம் விளக்கத்திற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மின்பகிர்மானம், புவியியல் தகவல் அமைப்பு, களப்பணியாளர், இடப்பெயர், கலைச்சொல், திருத்தணி

முன்னுரை

ஒரே பிரிவு அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய வயர்மேனுக்கு வரைபடம் தேவைப்படுவதில்லை. எந்தத் தெரு எந்த மின்மாற்றியைச் சார்ந்தது, மழை பெய்தால் எந்தக் கம்பத்தில் தீப்பொறி எழும், எந்த மரத்தின் பின்னே ஏ.பி. சுவிட்ச் மறைந்திருக்கிறது என்பன அவர் நினைவில் உள்ளன. புகார் வந்ததும் அவர் மின் இணைப்பு எண்ணைக் காட்டிலும் வீட்டுக்காரரின் பெயரையோ பக்கத்துக் கடையையோதான் முதலில் கேட்பார். இத்தகைய நினைவே தமிழகத்தின் மின்பகிர்மானத்தை நெடுங்காலம் இயக்கி வந்துள்ளது எனின் மிகையன்று.

ஆனால் அந்நினைவு அவருடன் ஓய்வு பெற்றுவிடுகிறது. பணியிட மாற்றத்தில் உடன்சென்றுவிடுகிறது. பெரும்புயல்களில் இக்குறை வெளிப்படையாகத் தெரியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாக்கியபோதும், 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் காவிரிப் படுகை மாவட்டங்களில் பெருந்தொகையான மின்கம்பங்களைச் சாய்த்தபோதும், பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டனர். கம்பம் நடவும் கம்பி இழுக்கவும் அவர்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. எந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் உள்ளூரார் ஒருவர் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் ஒரே நேரத்தில் பத்துக் குழுக்களுடன் செல்ல இயலாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது வரைபடம்.

திருத்தணியைக் களமாகக் கொள்வதற்குக் காரணங்கள் உள. முதலாவது, நிலத்தின் கலப்பு. முருகன் கோயில் அமைந்த குன்று, அதன் அடிவாரத்து நெருக்கமான கடைத்தெருக்கள், சுற்றிலும் பம்பு செட்டுகளை நம்பிய வேளாண் நிலங்கள், பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை எனத் தறித்தொழில் செழித்த ஊர்கள் ஆகியன ஒரு சிறு வட்டாரத்திற்குள் அடங்குகின்றன. ஒரு மணிநேர மின்தடை விசைத்தறி நெசவாளருக்கு ஒரு மணிநேரக் கூலி இழப்பு. இரண்டாவது, ஆடிக் கிருத்திகை போன்ற விழாக்களில் குன்றிலும் அடிவாரத்திலும் திரளும் பெருங்கூட்டம். மூன்றாவது, எல்லை. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும் படாஸ்கர் பரிந்துரையின் வழியாகவும் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில் இடப்பெயர் ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களைப் பெற வாய்ப்புண்டு. வரைபடத்தைப் பற்றிய ஆய்வில் இது சிறிய செய்தியன்று.

கணக்குக்காகப் பிறந்த வரைபடம்

இந்திய மின்பகிர்மான நிறுவனங்கள் பெருமளவில் கணினி வரைபடங்களை உருவாக்கத் தூண்டுகோலாக இருந்தது ஆர்-ஏ.பி.டி.ஆர்.பி. என்று சுருக்கமாக வழங்கும் நடுவண் அரசின் திட்டமாகும். 2008 சூலையில் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்தின் மொத்த மதிப்பீடு ரூ.51,577 கோடி. அதில் 'அ' பகுதிக்கு ரூ.10,000 கோடி ஒதுக்கப்பட்டது. நுகர்வோரை அட்டவணைப்படுத்துதல், கம்பம், கம்பி, மின்மாற்றி முதலியவற்றைப் புவியியல் தகவல் அமைப்பில் பதிதல், மின்மாற்றிகளுக்கும் மின்னூட்டிகளுக்கும் அளவி பொருத்துதல் என்பன அப்பகுதியின் பணிகள். பொதுப் பிரிவு மாநிலங்களில் 30,000க்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள் இதற்குத் தகுதி பெற்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 44,000ஐக் கடந்த திருத்தணி இவ்வளவுகோலுக்குள் அடங்கும் நகரம். அதைச் சூழ்ந்த சிற்றூர்கள் அடங்கா. நகரத்தின் எல்லையில் முடியும் வரைபடத்தை நகரத்தையும் ஊரகத்தையும் ஒருங்கே கவனிக்கும் பணியாளரிடம் தந்தால், அவர் பணியிடத்தின் ஒரு பகுதி வெற்றிடமாகவே இருக்கும். 2014இல் வந்த ஒருங்கிணைந்த மின்வளர்ச்சித் திட்டமும், 2021இல் வந்த புதுப்பிக்கப்பட்ட பகிர்மானத் துறைத் திட்டமும் இப்பரப்பை விரிவாக்க முனைந்தன. எனினும் நோக்கம் பெரிதும் மாறவில்லை. மின்னிழப்பைக் குறைப்பதே அவற்றின் தலையாய இலக்கு.

நோக்கம் என்ன என்பது ஏன் முக்கியம்? ஒரு மின்மாற்றிக்குள் செல்லும் மின்னளவு தெரிந்து, அதிலிருந்து மின்பெறும் நுகர்வோரின் பட்டியல் அளவும் தெரிந்தால், இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இழப்பு. இக்கணக்குக்கு எந்த நுகர்வோர் எந்த மின்மாற்றியின் கீழ் உள்ளார் என்பது தெரிந்தால் போதும். அவர் வீட்டுக்கு எந்தக் கம்பத்திலிருந்து கம்பி இறங்குகிறது என்பது கணக்கை மாற்றாது. ஒரே மின்மாற்றியின் கீழ் ஒரு வீட்டைத் தவறான கம்பத்துடன் இணைத்துப் பதிந்திருந்தாலும் இழப்பு விழுக்காடு அணுவளவும் பிறழாது. தணிக்கையில் அத்தவறு தோன்றவே தோன்றாது. இரவில் ஏணியுடன் செல்லும் பணியாளருக்கோ அதுவே முழுத் தவறு. ஆகவே, கணக்குக்காகத் திரட்டிய தரவு அக்கணக்குக்குச் சரியாக இருப்பதாலேயே களத்திற்கும் சரியாக இருக்கும் எனக் கொள்ளலாகாது. தரவின் பிழைகளில் எவை கண்ணில் படும், எவை படா என்பதைத் தரவின் நோக்கமே முடிவு செய்கிறது.

தமிழகத்தின் மின் இணைப்பு எண்ணும் இத்தகைய அமைப்புடையதே. மண்டலம், பிரிவு, பகிர்மானம், இணைப்பின் வரிசை எண் என்னும் நான்கு கூறுகள் அதில் அடுக்கப்பட்டுள்ளன. கட்டணப் பட்டியலுக்கு இது மிகச் செறிவான ஏற்பாடு. ஆனால் அடுத்தடுத்த வரிசை எண்கள் அடுத்தடுத்த வீடுகளைக் குறிக்கும் என்ற உறுதியில்லை. இணைப்பு வழங்கப்பட்ட காலவரிசையே எண்ணின் வரிசை. காலத்தை இடமாக மாற்றித் தருவது வரைபடத்தின் வேலை. அந்த மாற்றம் கம்பம் வரை செல்லாவிடில் பாதி வழியில் நின்றதாகவே பொருள்.

கம்பத்தடியில் எழும் வினாக்கள்

களப்பணியாளர் வரைபடத்திடம் கேட்கும் வினாக்கள் அலுவலகத்தின் வினாக்களிலிருந்து வேறுபட்டவை. இந்தக் கம்பிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இதை எங்கே துண்டிக்கலாம்? துண்டித்தால் யார் யாருக்கு மின்சாரம் நிற்கும்? வேறு வழியாக இதற்குள் மின்சாரம் நுழைய வாய்ப்புண்டா? இவற்றில் கடைசி வினா உயிரைச் சார்ந்தது.

முதல் மூன்றுக்கும் விடை காண, வரைபடம் வெறும் படமாக இராமல் தொடர்பமைப்பாக இருக்க வேண்டும். திரையில் இரு கோடுகள் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றலாம். தரவில் அவை இணைந்திருக்க வேண்டியதில்லை. ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கிட்டுச் செல்லும் இரு மின்பாதைகள் படத்தில் சந்திப்பது போலத் தெரியும். மின்சாரம் அங்கே சந்திப்பதில்லை. துணை மின்நிலையம், 11 கே.வி. மின்னூட்டி, மின்மாற்றி, தாழ்வழுத்தப் பாதை, கம்பம், வீட்டு இணைப்பு என்ற தொடர் ஒவ்வோர் இணைப்பிலும் அறாமல் பதியப்பட்டிருந்தால்தான், ஒரு வீட்டைத் தொட்டு "மேல்நோக்கிக் காட்டு" என்றால் கருவி காட்டும்.

நான்காம் வினா இதனினும் கடினம். மின்னூட்டிகள் பலவும் ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளிலிருந்து மின்சாரம் பெறத்தக்கவாறு அமைக்கப்படுகின்றன. இரு மின்னூட்டிகளின் எல்லையில் ஓர் ஏ.பி. சுவிட்ச் வழக்கமாகத் திறந்திருக்கும். ஒன்றில் பழுது ஏற்பட்டால் அதை மூடி, மற்றொன்றிலிருந்து மின்சாரம் தருவர். வரைபடத்தில் பதிந்திருப்பது வழக்கமான நிலை. நேற்றைய பழுதுக்காக மாற்றி அமைத்த நிலையை வரைபடம் அறியாது. தொலைக் கண்காணிப்பு வசதி பெருநகரங்களுக்கும் பெரிய துணை மின்நிலையங்களுக்கும் முதலில் வந்தது. சிறு நகரத்து ஏ.பி. சுவிட்சின் அன்றைய நிலை பெரும்பாலும் பணிப்பதிவேட்டிலும் தொலைபேசி உரையாடலிலும் மட்டுமே வாழ்கிறது. ஆகவே களத்துக்குச் செல்லும் வரைபடம் ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரு செய்திகளைத் தனித்தனியே காட்ட வேண்டும்: ஒன்று, வழக்கமான நிலை, மற்றொன்று, கடைசியாக அறிந்த நிலை. பின்னதனோடு அது அறியப்பட்ட நேரமும் அறிவித்தவரின் பதவியும் இருத்தல் வேண்டும். நேரம் குறிக்கப்படாத நிலைச்செய்தி இல்லாமையினும் கொடிது. அது பணியாளருக்குப் பொய்யான துணிவைத் தரும்.

வீட்டு இன்வெர்ட்டர், கடை ஜெனரேட்டர், மாடியில் அமைந்த சூரிய மின்தகடு ஆகியனவும் பின்வழி மின்சாரத்துக்கு வாயில்களே. தரமான சூரிய மின்மாற்றுக் கருவி மின்பாதையில் மின்சாரம் நின்றதும் தானே நின்றுவிடும். முறையான மாற்றுச் சாவியின்றி இணைத்த ஜெனரேட்டர் நிற்காது. விழாக் காலத்தில் இச்சிக்கல் பன்மடங்காகும். ஆடிக் கிருத்திகையை ஒட்டி அமைக்கப்படும் தற்காலிக விளக்குகள், அன்னதானப் பந்தல்கள், கடைகள் ஆகியவற்றுக்கான தற்காலிக இணைப்புகளும் ஜெனரேட்டர்களும் நிலையான தரவுத்தளத்தில் இடம்பெறுவதற்கில்லை. சில நாட்களில் அவை மறைந்துவிடும். தொடக்க நாளும் முடிவு நாளும் கொண்ட தனி அடுக்கு ஒன்றை விழாவுக்கு முன்பே உருவாக்கி, முடிவு நாளில் தானே மறையுமாறு செய்தல் தகும்.

மின்பாதையின் உயரமும் கணக்கு கேட்காத செய்திகளுள் ஒன்று. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியைத் தொட்டதில் 11 பேர் உயிரிழந்தனர். சாலையைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் தாழ்ந்த கம்பியின் உயரம் என்ன, அது எப்போது அளக்கப்பட்டது என்னும் இரண்டு புலங்கள் தரவுத்தளத்தில் இருந்தால், தேரும் காவடியும் செல்லும் வழியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். இழப்புக் கணக்கில் இவ்விரண்டு புலங்களுக்கும் இடமில்லை. சாலையை மேடாக்கும்போதெல்லாம் அந்த உயரம் மாறும் என்பதால், அளந்த நாளின்றி அளவு மட்டும் இருப்பதில் பயனில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. வரைபடம் எத்துணைச் செம்மையாக இருப்பினும், லைன் கிளியர் பெற்று, மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதித்து, எர்த் ராடு பொருத்திய பின்னரே கம்பியைத் தொட வேண்டும் என்னும் நடைமுறைக்கு அது மாற்றாகாது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் மின்பாதையை மின்னற்றதாக்கி நிலத்துடன் இணைத்த பின்னரே பணி செய்ய வேண்டும் என்கின்றன. பதிவை நம்பி உண்மையைச் சோதிக்காமல் விட்டதன் விளைவுக்கு வேறொரு துறையிலிருந்து சான்று உண்டு. கலிபோர்னியாவின் சான் புருனோவில் 2010 செப்டம்பர் 9 அன்று எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தனர். பற்றவைப்புத் தையல் இல்லாத குழாய் என நிறுவனத்தின் பதிவில் இருந்த பகுதி, உண்மையில் தையலுடையதாகவும் அத்தையல் குறைபாடுடையதாகவும் இருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. கணினியில் ஏறிய தவறு, தாளில் இருந்த தவற்றைவிட நம்பத்தகுந்ததாகத் தோன்றுகிறது.

இணையம் இல்லாத இடம்

இப்பகுதியைச் சுருக்கமாகவே கூறலாம். மின்சாரம் நின்ற இடத்தில் கைப்பேசிக் கோபுரமும் சில மணிநேரத்தில் நின்றுவிடக்கூடும் என்பதால், களத்திற்கான வரைபடம் கைப்பேசிக்குள்ளேயே இருக்க வேண்டும். அது பெருந்தரவும் அன்று. ஒரு பிரிவில் 15,000 கம்பங்கள் உள்ளன என்றும் ஒவ்வொன்றுக்கும் 250 பைட்டுகள் தேவை என்றும் வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 4 மெகாபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தின் அளவு. திறந்த தரமான ஜியோபேக்கேஜ் வடிவம் இத்தரவு முழுவதையும் ஒரே கோப்பில் அடக்கும். க்யூஜிஐஎஸ் மென்பொருளில் அமைத்த வரைபடத்தை ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குக் கொண்டுசெல்லும் க்யூஃபீல்டு போன்ற கட்டற்ற செயலிகளும் உள்ளன. பணமும் கருவியும் இங்குப் பெருந்தடையல்ல.

இருப்பிடத் துல்லியம் பற்றி மட்டும் ஒரு சொல். திறந்த வெளியில் சாதாரணத் திறன்பேசியின் ஜி.பி.எஸ். ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியமுடையது. மாடிக் கட்டடங்களுக்கு இடையிலும் குன்றின் சரிவிலும் அது மேலும் குறையும். கம்பங்களுக்கு இடையே 30 முதல் 50 மீட்டர் இருக்கும் நேரான தெருவில் இது போதும். கடைத்தெரு முனையில் உயரழுத்தக் கம்பமும் தாழ்வழுத்தக் கம்பமும் அருகருகே நிற்கும் இடத்தில் போதாது. அவ்விடத்தில் திரையில் ஒளிரும் நீலப்புள்ளியை நம்புவதற்கு மாறாக, கம்பத்தின் மீது வண்ணத்தால் எழுதிய எண்ணைத் திரையின் எண்ணோடு ஒப்பிடுவதே முறை. வண்ணப்பூச்சு இன்றும் ஒரு தொழில்நுட்பமே. மின்காப்புக் கையுறை அணிந்த விரலுக்குத் தொடுதிரை இணங்காது என்பதையும் செயலியை வடிவமைப்போர் கருத வேண்டும். பார்க்க வேண்டியவற்றை ஏணியில் ஏறுமுன் பார்த்து முடிக்குமாறு பணியை ஒழுங்குபடுத்துவது நன்று.

பெயரும் எழுத்தும்

தமிழாய்வாளர் பங்களிக்கத்தக்க பகுதி இதுவே. ஆயினும் இதுபற்றிய பேச்சு மின்துறை ஆய்வுகளிலும் இல்லை, தமிழ்க் கணிமை ஆய்வுகளிலும் அரிதாகவே உள்ளது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

மின்துறையின் தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் அமைந்தவை. ஆங்கில எழுத்தில் 'த'வுக்கும் 'ட'வுக்கும் ஒரே எழுத்து நிற்கலாம். 'த'வுக்கு மட்டும் ஈரெழுத்துச் சேர்க்கையையும் பயன்படுத்தலாம். இரட்டித்த மெய்யை ஒற்றையாகவும் எழுதலாம். திருத்தணி என்ற ஒரு சொல்லே இவ்வாறு பல வடிவங்களைப் பெற்று வழங்குகிறது. 'ழ'கரம் கொண்ட பெயர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் எழுத்தில் பதிந்தால் சிக்கல் தீருமா? குறையும், தீராது. சந்நிதி, சன்னதி, சன்னிதி என மூன்று வடிவில் வழங்கும் ஒரு தெருவின் பெயரைத் தேடும் பணியாளர் எதைத் தட்டச்சு செய்வார்? பொதட்டூர்பேட்டையை வல்லின ஒற்றுடன் எழுதுவோரும் உண்டு, இன்றி எழுதுவோரும் உண்டு. ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்று பதிவில் முழுப்பெயர் இருக்கலாம், ஆர்.கே.பேட்டை என்பதே வாயில் வரும். இவற்றினும் நுட்பமான இடர் ஒன்று எழுத்துக் குறியேற்றத்தில் உள்ளது. ஒருங்குறியில் 'பொ' என்பதன் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் பதியலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே அடுத்தடுத்துப் பதியவும் இயலும். திரையில் இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யாத தேடற்பொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். பொதட்டூர்பேட்டை என்று சரியாகவே தட்டச்சு செய்த பணியாளருக்கு "இல்லை" என்ற விடை வரும். அவர் செயலியை மூடிவிட்டு நண்பருக்குத் தொலைபேசியில் அழைப்பார். 2010ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் தன் தரங்களாக ஏற்றுக்கொண்டது. தரத்தை ஏற்பதும், தரவுத்தளத்தின் ஒவ்வொரு பெயரையும் ஒரே சீராக இயல்பாக்குவதும் ஒன்றல்ல.

இதற்கான தீர்வு, 'சரியான பெயர்' எது என்று முடிவுகட்டுவதில் இல்லை. பொருளுக்கு மாறாத எண் ஒன்று. அவ்வெண்ணுக்குப் பெயர்கள் பல. அலுவல் பெயர், வழக்குப் பெயர், பழம்பெயர், தெலுங்கு வழக்கு ஆகியன தனித்தனி வரிகளாகப் பதியப்பட்டு, எதைத் தட்டச்சு செய்தாலும் அதே கம்பத்திற்கு இட்டுச்செல்ல வேண்டும். மின்மாற்றிகளுக்கு ஊர் அல்லது தெருவின் பெயரோடு 'எஸ்.எஸ்.' என்ற எழுத்துகளும் வரிசை எண்ணும் சேர்த்துப் பெயரிடும் வழக்கம் உண்டு. பணியாளர் பேச்சிலோ அதே மின்மாற்றி "ரைஸ்மில் டிரான்ஸ்பார்மர்" என்று வழங்கலாம். அரிசி ஆலை மூடப்பட்டுப் பல்லாண்டு ஆன பின்னும் அப்பெயர் நிற்கும். அத்தகைய பெயர்களைப் பிழையென ஒதுக்கும் தரவுத்தளம் பணியாளரை ஒதுக்குகிறது.

கலைச்சொல் குறித்தும் இதே நிலைப்பாடு பொருந்தும். மின்மாற்றி, மின்னூட்டி, உருகி முதலியன நல்ல சொற்கள். இக்கட்டுரையும் அவற்றுள் சிலவற்றை ஆள்கிறது. ஆயினும் "பீஸ் போயிருச்சு" என்று புகார் சொல்லும் வீட்டாரும், பீடர், லைன் கிளியர், ஏ.பி. சுவிட்ச் என்று பேசும் பணியாளரும் அவசர நேரத்தில் 'உருகி' என்று தேடமாட்டார்கள். திரையின் சொல் வாயின் சொல்லோடு ஒத்திருத்தல் இங்கு மொழித்தூய்மைக்கு முன்னே நிற்க வேண்டும் என்பது என் துணிபு. இரண்டையும் இணைத்துப் பதிந்தால் தூய்மைக்கும் கேடில்லை. களப்பணியாளர் பேச்சு வழக்கின் சொற்றொகுதி ஒன்றை மொழியியல் துறைகள் திரட்டித் தருமாயின், அது மென்பொருளாளர் எவராலும் செய்ய இயலாத உதவியாகும்.

திரும்பி வரும் திருத்தம்

வரைபடத்தில் இல்லாத கம்பத்தைப் பணியாளர் காண்கிறார். அவர் செய்யக்கூடியது என்ன? தாள் வரைபடக் காலத்தில் சிவப்பு மையால் குறித்து அலுவலகத்தில் தந்தார். அது ஏற்றப்பட்டதா என்பது அவருக்குத் தெரியவரவில்லை. மின்னணு வரைபடத்திலும் இதே வழி நீடித்தால், மூன்றாம் முறைக்குப் பின் எவரும் குறிக்கமாட்டார்.

இரு தீய வழிகள் உள்ளன. பணியாளரின் திருத்தத்தை உடனே மூலத்தரவில் ஏற்றுவது ஒன்று: தவறாகத் தொட்ட விரலால் ஒரு மின்னூட்டியின் தொடர்பு அறுபடலாம். அலுவலர் ஒப்புதல் வரும்வரை மறைத்து வைப்பது மற்றொன்று: அதற்குள் அடுத்த குழு அதே பிழையைச் சந்திக்கும். இடைப்பட்ட வழி, திருத்தத்தை வந்த கணமே எல்லாருக்கும் காட்டுவதும், அது இன்னும் சரிபார்க்கப்படாதது என்பதைத் தனி நிறத்தால் உணர்த்துவதும், மூலத்தரவைத் தொடாமல் வைத்திருப்பதும் ஆகும். உதவிப் பொறியாளர் ஏற்றாலும் மறுத்தாலும் அச்செய்தி குறித்தவரின் கைப்பேசிக்குத் திரும்ப வேண்டும். மறுப்பாயின் காரணம் ஒரு வரியில். இணையமற்ற நேரத்தில் இரு குழுக்கள் ஒரே கம்பத்தைத் திருத்தியிருந்தால், பிந்தைய திருத்தம் முந்தையதை அழிக்குமாறு விடாமல் இரண்டையும் பொறியாளர் முன் வைக்க வேண்டும்.

இதில் நிருவாகம் சார்ந்த இடர் ஒன்றும் உண்டு. ஒப்பந்த உழைப்பு, புதிய நியமனம், மூத்த பணியாளர் என்ற அடுக்குகள் உள்ள இடத்தில், பதிவின் பிழையைச் சுட்டுவது மேலலுவலரின் பிழையைச் சுட்டுவதாகக் கொள்ளப்படலாம். மேலும், கைப்பேசியின் இருப்பிடப் பதிவு பணியாளரைக் கண்காணிக்கும் கருவியாகவும் மாறக்கூடும். கண்காணிக்கப்படுவதாக ஐயுறும் பணியாளர் கருவியைப் பையிலேயே வைத்திருப்பார். வரைபடத் திருத்தத்திற்கான பதிவும் வருகைக் கண்காணிப்பும் ஒரே செயலியில் இணைக்கப்படலாகாது என்பது இதனால் பெறப்படும். நுகர்வோர் பக்கத்திலும் இவ்வரம்பு வேண்டும். பழுது நீக்கச் செல்பவருக்கு இணைப்பு எண்ணும் கம்பமும் போதும். கட்டண நிலுவையோ ஆதார் விவரமோ களக் கைப்பேசிக்குள் செல்ல வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்திற்குத் தேவையான அளவே தரவு கையாளப்பட வேண்டும் என்னும் கொள்கையை உடையது.

எல்லைக்கோட்டில்

திருத்தணிக்கு வடக்கே, நகரியை நோக்கிச் சிறிது தொலைவு சென்றால் மாநிலம் மாறுகிறது. மின்பகிர்மான நிறுவனமும் மாறுகிறது. தமிழகப் பக்கம் தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகம். ஆந்திரப் பக்கம் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டல மின்பகிர்மான நிறுவனம். கம்பத்தின் எண் முறை, மின்மாற்றியின் பெயரிடு முறை, பதிவின் மொழி யாவும் அங்கே வேறு. ஒரு நிறுவனத்தின் வரைபடத்தில் எல்லைக்கு அப்பால் வெற்றிடம். நிலத்திலோ கம்பிகள் அடுத்தடுத்த வயல்களில் செல்கின்றன. புயலில் இரு நிறுவனங்களின் கம்பிகளும் ஒரே ஓடைக்கரையில் அறுந்து கிடந்தால், தன் பக்கத்து மின்னூட்டியை நிறுத்திவிட்ட பணியாளருக்கு மறுபக்கத்தின் நிலை தெரியாது.

2021 பிப்ரவரி 15 அன்று நடுவண் அரசு வெளியிட்ட புவிவெளித் தரவு வழிகாட்டுதல்கள், இந்திய நிறுவனங்கள் வரைபடத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் முன்பிருந்த ஒப்புதல் தேவைகளைப் பெரிதும் நீக்கின. ஆகவே எல்லைப்பட்டையின் மின்தரவை இரு நிறுவனங்களும் பரிமாறிக்கொள்ளச் சட்டவழித் தடை குறைவு. முழுத் தரவுத்தளத்தையும் பகிர வேண்டியதில்லை. எல்லையின் இருபுறமும் இரண்டு கிலோமீட்டர் அகலத்திற்குள் உள்ள உயரழுத்தப் பாதைகள், அவற்றைத் துண்டிக்கும் சுவிட்சுகள், அவை சார்ந்த துணை மின்நிலையங்கள், அந்நிலையங்களின் பணிநேரத் தொலைபேசி எண்கள் ஆகியன போதும். ஒவ்வொரு பொருளின் பெயரும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மறுபக்கத்து மின்பாதைகள் வேறு நிறத்திலும், "நம் கட்டுப்பாட்டில் இல்லை, அழைத்துக் கேட்க" என்ற குறிப்போடும் திரையில் தோன்ற வேண்டும், அழைக்க வேண்டிய எண் அக்குறிப்பின் அடுத்த வரியிலேயே இருக்க வேண்டும். அவ்வெண்ணை ஆண்டுக்கு இருமுறை, புயற்பருவத்திற்கு முன்னும் ஆடிக் கிருத்திகைக்கு முன்னும், இருபக்கத்துப் பிரிவு அலுவலகங்களும் அழைத்துச் சரிபார்ப்பது ஒரு பிற்பகலில் முடியும் வேலை.